வாசகர் கேள்வி–பதில்: தண்ணீர் தேக்காத அணை எதற்கு?

போன இதழில் வடசென்னை மணலி புதுநகர் வாசகர் ஒருவர், கொசஸ்தலையாறு பொங்கும்போதெல்லாம் நாங்கள் மாடியில் அடுப்பு வைக்க வேண்டியிருக்கிறதே, இதற்கு ஒரு வழி சொல்லக் கூடாதா என்று கேட்டிருந்தார். மேலே, ஆற்றில் வந்து விழுகிற நந்தியாறு மாதிரியான சின்ன ஆறுகளின் குறுக்கே மண் அணை கட்டி, அதில் தண்ணீரே தேக்காமல் காலியாக வைத்திருந்தால் வெள்ளத்தின் வேகம் குறையும் என்று நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். நாலு வரியில் சொன்னது தப்பு என்பது வந்த கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்தது. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க மண் அணைதான். சமையல், ஜாதகம் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, 2019 கோடையில் ராத்திரி ஒரு மணிக்கு லாரி வரும் என்று சொன்னார்கள், குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவிலேயே பாயைப் போட்டுத் தூங்கியவள் நான். அணை கட்டு, ஆனால் அதில் தண்ணீர் வைக்காதே என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? படித்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். விலாசம் வேண்டுமே என்று அப்புறம் எடுத்தேன்.
– கொடுங்கையூர் வாசகி

எடுத்தீர்களே தங்கச்சி, அதுவே பெரிய விஷயம். அந்தக் கோடையை நானும் மறக்கவில்லை. சென்னைக்குக் குடிநீர் தருகிற புழல் ஏரியின் நடுவில் வெடித்துக் கிடந்த களிமண்ணில் நடந்து போய்ப் பார்த்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு வந்தது அந்த ஜூலையில்தான்.

நம் ஊரில் குடிக்கிற தண்ணீரும் வீட்டுக்குள் புகுகிற தண்ணீரும் ஒன்றுதான், ஒரே மூன்று மாதத்தில் வருகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருவதைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த ஜூனில் குழாயைத் திறந்தால் காற்று வராமல் தண்ணீர் வரும். ஆகவே ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் நவம்பர் முதல் வாரத்திலேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவு ரொப்பி வைக்கப் பார்ப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் வந்தால், அதே ஏரி வெள்ளத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ரொம்பின குடத்தில் எங்கே ஊற்றுவது?

கொசஸ்தலையாற்றின் குறுக்கே இருக்கிற பூண்டி நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது பாடுபட்டு வாங்கிக்கொடுத்த திட்டம், 1944-ல் கட்டி முடிந்தது, அதன் கொள்ளளவு இப்போது 3,231 மில்லியன் கனஅடி. ஆற்றில் விநாடிக்கு 30,000 கனஅடி வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூண்டி அடி காய்ந்து கிடந்தால், ஒரு சொட்டு வெளியே விடாமல் ஏறக்குறைய 30 மணி நேரம் அதைத் தாங்கும். பாதி இருந்தால் 15 மணி நேரம். 3,000 மில்லியன் கனஅடி ஏற்கெனவே இருந்தால்? இரண்டு மணி நேரம், கொஞ்சம் மேலே. அதற்குள் நீங்கள் ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, மாமியாரை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

இதனால்தான் குடிநீர் வேலையையும் வெள்ள வேலையையும் ஒரே ஏரியின் தலையில் கட்டாதே என்கிறேன். மேலே சின்னச் சின்ன அணைகள் வெறுமனே கிடக்கட்டும். வெள்ளம் வரும் அந்த இரண்டு நாள் மட்டும் அவை தண்ணீரைப் பிடித்து, ஆறு தாங்குகிற அளவில் மெல்ல மெல்லக் கீழே விடும். அந்தத் தண்ணீர் எங்கேயும் வீணாகப் போவதில்லை. கீழே பூண்டிக்குத்தான் வரும், ஒரே நாளில் வர வேண்டியது நாலு நாளில் வரும். நாலு நாளில் வந்தால் அதைக் கால்வாயில் திருப்பிப் புழலுக்கும் சோழவரத்துக்கும் அனுப்ப முடியும். ஒரே நாளில் வந்தால் ஷட்டரைத் தூக்கிக் கடலுக்கு விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. உங்கள் குடத்துக்கு எதிராக நான் எழுதவில்லை என்பது இப்போதாவது தெரிகிறதா?

இப்படி ஒரு அணையை உலகத்தில் யாராவது கட்டியிருக்கிறார்களா, இல்லை நீங்களே யோசித்ததா?
– தண்டையார்பேட்டை வாசகர்

எனக்கு அவ்வளவு மூளை இருந்திருந்தால் பதவி உயர்வு வாங்கியிருப்பேன் சார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்று ஒரு ஊர். 1913 மார்ச்சில் கிரேட் மயாமி ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தது, அந்தப் பக்கத்தில் மட்டும் 360 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். வீட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் ஏறிப் பல குடும்பங்கள் நாள் கணக்கில் கிடந்திருக்கின்றன. தண்ணீர் வடிந்ததும் அந்த ஊர் ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் தாங்களே இருபது லட்சம் டாலருக்கு மேல் வசூல் பண்ணினார்கள். பரணில் இருந்தபோது என்ன வேண்டிக்கொண்டாய், மறந்துவிடாதே என்று சொல்லித்தான் வசூலே நடந்தது. நம் ஊரில் ஆடி மாதம் கூழ் ஊற்ற வசூலிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆர்தர் மார்கன் என்கிற பொறியாளர் ஐந்து மண் அணைகள் போட்டுக் கொடுத்தார், 1922-ல் முடிந்தன. ஐந்தில் நாலு, பெரிய ஆற்றில் வந்து சேர்கிற கிளை ஆறுகளிலும் ஓடைகளிலும் இருக்கின்றன. ஒன்றிலும் ஷட்டர் கிடையாது. அணையின் அடியில் எப்போதும் திறந்தே இருக்கும் கான்கிரீட் வழி, அவ்வளவுதான். சாதாரண நாளில் ஆறு பாட்டுக்கு அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும், அணைக்குப் பின்னால் விவசாயம் நடக்கும். 1913-ல் வந்த வெள்ளத்தைப் போல இன்னும் 40 சதவீதம் அதிகம் வந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. நூறு வருஷம் தாண்டியும் வேலை செய்கிறது.

ஷட்டர் இல்லாமல் எப்படி வெள்ளம் நிற்கும்? திறந்த ஓட்டை என்றால் வந்த தண்ணீரெல்லாம் போய்விடாதா? (சிவில் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிறேன், வாத்தியாரிடம் கேட்டேன், சிலபஸில் இல்லை என்றுவிட்டார்.)
– வியாசர்பாடி மாணவர்

தம்பி, உங்கள் வீட்டு மொட்டைமாடியில் எத்தனை மழைநீர்க் குழாய் இருக்கிறது? பெரும்பாலும் ஒன்று, அதிலும் பாதி வாயைத் துணி கிளிப்பும் காய்ந்த வேப்பிலையும் அடைத்திருக்கும். தூறலில் மாடியில் தண்ணீர் நிற்பதே இல்லை, வர வரக் குழாயில் இறங்கிவிடும். பேய்மழை அடித்தால் என்ன ஆகிறது? குழாய் தன்னால் முடிந்ததைத்தான் இறக்கும், மிச்சம் கைப்பிடிச்சுவருக்குள் கணுக்கால் அளவு நிற்கும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மாடி காய்ந்திருக்கும். கீழே தெருவில் நிற்கிறவன் தலையில் ஒரே அடியாகக் கொட்டவில்லை. கைப்பிடிச்சுவர்தான் அணை, குழாய்தான் அந்த ஓட்டை.

ஓட்டையின் அளவில்தான் விஷயம் இருக்கிறது. கீழே ஆறு கரை தாண்டாமல் எவ்வளவு ஏந்துமோ அந்த அளவுக்கு ஓட்டை. அணையில் தண்ணீர் ஏற ஏற அழுத்தம் கூடும், ஓட்டையில் வேகமும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஆழம் நாலு மடங்கானால் வெளியேற்றம் இரண்டு மடங்குதான் ஆகும். இதை உங்கள் ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரு டிரம்மில் துளை போட்டே பார்த்துவிடலாம், சிலபஸ் வேண்டாம். இன்னொரு லாபம், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கேட்டு ஷட்டரைத் தூக்குவது என்கிற பேச்சே கிடையாது. மேலதிகாரி போனை எடுக்கவில்லை, கரண்ட் இல்லை, செயின் துருப்பிடித்துவிட்டது, எதுவும் சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மதகுத் திருகைத் தூக்குகிற கைப்பிடியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார்கள், பக்கத்து ஊர்ப் பட்டறையில் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று அடித்து வாங்கி வந்தோம்.

புழல் ஏரியில் விநாடிக்கு 2,000 கனஅடி திறப்பு என்று டிவியில் ஓடுகிறது. பயப்படணுமா வேணாமா?
– மஞ்சம்பாக்கம்

ஒரு கனஅடி 28.3 லிட்டர், உங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடம் பிடிக்கலாம். 2,000 என்றால் ஒவ்வொரு விநாடியும் நாலாயிரம் குடம், அல்லது பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி நாலரைக்கு மேல். புழல் உபரிநீர்க் கால்வாய் தூர்வாரி, ஆகாயத்தாமரை இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் அந்தக் கால்வாயை ஒட்டி இருக்கிறவர், போய் ஒருமுறை பார்த்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

மண்ணில் கட்டுவது ஆபத்து இல்லையா? கான்கிரீட்டில் கட்டினால் என்ன, பணம் மிச்சம் பிடிக்கிறார்களா?
– ராயபுரம் வாசகர்

புழல், சோழவரம், செம்பரம்பாக்கம், மூன்றும் மண்கரைதான் ஐயா. கான்கிரீட் அணை நிற்க அடியில் பாறை வேண்டும். கடலோரச் சமவெளியில் பாறைக்கு எங்கே போவது? மண் அணை அகலமாகக் காலை விரித்து உட்காரும், பாரம் பரவிவிடும். நடுவில் களிமண், அதுதான் தண்ணீரை நிறுத்துகிற நெஞ்சு. இரண்டு பக்கமும் அதைத் தாங்கிப் பிடிக்கச் சரளை கலந்த மண். தண்ணீர்ப் பக்கம் அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் பதிப்பு, வெளிப்பக்கம் புல்.

ஒரு ஜாண் கனத்துக்குக் கொட்டி, ஆட்டுக்கால் ரோலரை (ஆட்டுக் குளம்பு மாதிரி முட்டுகள் வைத்த உருளை) ஓட்டி மிதித்து, அப்புறம் அடுத்த ஒரு ஜாண். அவசரப்பட்டு ஒரு முழம் கொட்டி மேலாக உருட்டினால் மேலே கெட்டியாகவும் அடியில் அவலாகவும் இருக்கும். மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று எங்கள் மேஸ்திரி ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன்பே சொல்லிவிடுவார். ஒரு பிடி அள்ளி இறுக்குவார். கையைத் திறந்தால் விரல் பதிந்த கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், நடுவில் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளி என்பார், உள்ளங்கையில் ஒட்டினால் மத்தியானம் வரை காயவிடு என்பார். ஆய்வுக்கூட முடிவு அவர் சொன்னதை ஒட்டியேதான் வரும், அதில் இன்ஜினியருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆபத்து எங்கே என்றால், மண் கரைமேல் தண்ணீர் வழியவே கூடாது. கான்கிரீட் மேல் வழிந்தால் கீழே போய் விழும், மண் மேல் வழிந்தால் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். குஜராத்தில் மச்சு-2 அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று அப்படித்தான் போனது. நடுவில் கல் கட்டுமானம், இரண்டு பக்கமும் மண்கரை. கணக்குப் போட்டு வைத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெள்ளம் வந்தது, மண்கரை மேல் ஏறி வழிந்து அறுத்தது. கீழே மோர்பி ஊர். எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை ஒரே கணக்கு இல்லை, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதனால் ஷட்டர் இல்லாத காலி அணைக்கும்கூடப் பெரிய கலங்கல், அதாவது மிஞ்சின தண்ணீர் வழிந்து இறங்குகிற கட்டு வழி, கட்டாயம் வேண்டும். ஓட்டையை மீறி வருவது கலங்கல் வழியாக இறங்கணும், கரை மேல் ஒரு சொட்டு போகக் கூடாது. இதில் பணம் மிச்சம் பிடித்தால் நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமான கேள்வி.

காசிமேட்டில் நண்டு வியாபாரம் பண்ணுகிறேன். நண்டு ஓட்டை போட்டு ஒரு அணை உடைந்தது என்று பேப்பரில் வந்ததாமே, நெசமா? எங்க சரக்குமேல பழி போடுறாங்களா?
– காசிமேடு வாசகர்

உங்கள் சரக்கு கடல் நண்டு, இது வயல் நண்டு, ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டாம். 2019 ஜூலை 2 ராத்திரி, மகாராஷ்டிராவில் ரத்தினகிரி மாவட்டத்துத் திவரே மண் அணை உடைந்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அணையில் நண்டுகள் அதிகம், அதனால்தான் கசிந்தது என்று அந்த மாநில அமைச்சரே சொன்னார். ஊரே சிரித்தது, கோபப்பட்டுச் சில பேர் நண்டைப் பிடித்துக்கொண்டுபோய் போலீசில் ஒப்படைக்கப் பார்த்தார்கள்.

சிரித்தாலும், நண்டு வளையும் பெருச்சாளி வளையும் கரைக்குக் கெடுதல்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் நண்டு ஒரே ராத்திரியில் வளை தோண்டுவதில்லை. வளையை வருஷக்கணக்கில் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதற்கு நண்டு என்ன செய்யும்?

செங்குன்றத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஏரியில் எனக்கு ஒரு மழை ராத்திரி வேலை. கூட இருந்தவர் ஏரிக்கரையையும் மதகையும் காவல் பார்க்கிற வயசான லஸ்கர். கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், புல்லுக்குள் தண்ணீர் ஊறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் டீ குடித்த கண்ணாடி கிளாஸை அதிலேயே கழுவி, ஒரு கிளாஸ் பிடித்து, டார்ச்சை அதன் பின்னால் வைத்தார். பார்த்தால் வெளிச்சம் அப்படியே தெரிந்தது. “தண்ணி சுத்தமா இருக்குது சார், கரை மூச்சு விடுது, போய்ப் படுங்க” என்றார். விடிகாலை நாலு மணிக்கு அவரே எழுப்பினார். அதே கிளாஸ், அதே டார்ச், இந்தத் தடவை தண்ணீர் பழைய டீ மாதிரி கலங்கியிருந்தது, கிளாஸ் அடியில் விரல் நக அளவுக்கு மண் தங்கியிருந்தது. தெளிவாகக் கசிந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே கரைந்து வருகிறது, அவ்வளவுதான் பாடம்.

ஓட்டையை அடைக்கலாம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திட்டினார். இங்கே அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கினோம், உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறியது, அந்த பாரத்தில் ஊற்றின் வேகம் அடங்கி, வழிகிற தண்ணீர் மறுபடி தெளிந்தது. பகலில் மதகைத் திறந்து மட்டத்தை இறக்கிவிட்டு வளையைத் தோண்டிப் பார்த்தோம், என் கை தோள்வரை போனது.

இப்படி நேரம் கிடைப்பதே அதிர்ஷ்டம். அமெரிக்காவில் டீட்டன் என்று 300 அடிக்கு மேல் உயரமான மண் அணை, 1976 ஜூன் 5 அன்று காலை ஏழு மணி வாக்கில் கசிவைப் பார்த்தார்கள். பகல் பன்னிரண்டு அடிக்கும் முன் அணை உடைந்துவிட்டது. முதல் தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தபோதே போனது.

காலி அணை, காலி அணை என்கிறீர்களே, காலி இடத்தை நம் ஆட்கள் விட்டு வைப்பார்களா?
– மாதவரம் வாசகர்

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை, மற்றதெல்லாம் மண்வேலை. மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் போட்டோம். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று பேர் மட்டும் மிச்சம். தண்ணீர் இருந்த ஏரிக்கே இந்த கதி. பத்து வருஷத்தில் இரண்டு தடவைதான் நிரம்புகிற அணை என்றால், மூன்றாவது வருஷமே கல் நட்டு, கயிறு கட்டி, பேருந்து நிலையத்துக்கு மிக அருகில் என்று போர்டு வைத்துவிடுவார்கள். டேட்டனில் அணைக்குப் பின்னால் உள்ள நிலத்தில் பயிர் வைக்கலாம், வீடு கட்டக் கூடாது, வெள்ளம் வந்தால் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். நிலம் சும்மா கிடக்காமல் யாரோ ஒருவர் உழுதுகொண்டிருப்பதுதான் அதற்குக் காவல் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே அணை வந்துவிட்டால் எங்களுக்கு விடிவு காலமா?
– எர்ணாவூர் வாசகி

முழுசாக இல்லை அம்மா, பொய் சொல்ல மாட்டேன். மேலேயிருந்து ஆற்றில் வருகிற தண்ணீரைத்தான் அது தாமதப்படுத்தும். உங்கள் தலைக்கு நேர் மேலே பெய்கிற மழைக்கு அணை என்ன செய்ய முடியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஊருக்குள்ளேயேதான் கொட்டியது. அது போக, எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி, கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்து கிடந்தால், மேலே எத்தனை அணை கட்டினாலும் தண்ணீர் கடலுக்குப் போக வழி தேடும். நீங்கள் கேட்க வேண்டியது முதலில் முகத்துவாரம், அப்புறம் அணை. மணலி புதுநகர்க்காரர் கேட்டபோதே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

திருத்தம்: போன இதழில் பூண்டியின் கொள்ளளவு 3,321 என்று அச்சாகிவிட்டது, 3,231 மில்லியன் கனஅடி என்பதே சரி. அஞ்சலட்டையில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அனுப்பிய பெரம்பூர் வாசகருக்கு நன்றி. அடுத்த இதழுக்குக் கேள்விகளை இம்மாதம் 20-க்குள் அனுப்பவும், கையெழுத்து கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கட்டும்.